தாலாட்டு வாங்க வட்டுகோலாவுக்குப் போனது

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது ஏழு, வளர்த்தது பத்து. பத்தும் குறையில்லாமல் இருக்கின்றன: ஒருத்தி ஆக்லாந்தில், ஒருவன் லாமியில், மற்றவர்கள் லம்பாசாவைச் சுற்றிக் கரும்போடு. அப்பா கரும்புத் தோட்டக் கூலிக்கு ஒப்பந்தம் போட்டு, கிர்மிட்டில் வந்தவர். நான் பிறந்தது இந்தத் தீவில். எழுத்து எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் வந்தது. எங்கள் தமிழர் சங்கம் பள்ளிக்கூடம் கட்டிய புதிதில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பெரியவர்களுக்கும் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். மடியில் ஒரு பிள்ளை, பக்கத்தில் ஒரு பிள்ளை என்று உட்கார்ந்து கற்றேன். எழுத்து தெரியும், வேகம் தெரியாது. படிக்கிறவர்களும் நிதானமாகவே படிக்கலாம்.

வட்டுகோலா கடலுக்கு அப்பால் பெரிய தீவில், தங்கச் சுரங்கம் இருக்கிற ஊர். அந்த ஊருக்குத் தாலாட்டு வாங்கப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எங்கள் புலிலேகாவில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாளில் பெண்கள் கூடி அம்மன் பிள்ளைத்தமிழ் பாடுவோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அம்மனையே கைக்குழந்தையாக வைத்து, அவள் வளர வளரப் பத்துப் பருவமாகப் பாடுகிற பாட்டு அது. பருவத்துக்கு ஒரு விளையாட்டு: கை தட்டுவது, நிலாவைக் கூப்பிடுவது, ஊஞ்சல் ஆடுவது என்று. அந்தப் புத்தகத்தை என் மாமியார் கப்பலில் கொண்டுவந்தார். சென்னையில் அச்சடித்தது. எனக்கு எழுத்து வந்த புதிதில் ஒரு பெரிய புயலில் எங்கள் வீட்டுக் கூரைத் தகரம் போயிற்று. பெட்டி உருண்டு திறந்துகொண்டு, புத்தகம் தாள் தாளாகக் கரும்புத் தோட்டமெல்லாம் பறந்தது. என் வீட்டுக்காரர் சின்னசாமி சேற்றில் நடந்து ஒவ்வொரு தாளாகப் பொறுக்கி வந்தார். துணி காயப்போடும் கம்பியில் போட்டுக் காயவைத்து, அடுக்கி, கோணி தைக்கிற ஊசியால் தைத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அரைகுறையாகத் தெரிந்த நாங்கள் நாலு பெண்கள் தலைப்பைச் சொல்லச் சொல்ல அடுக்கினார். முன்பக்கத்துத் தாள்கள் சிலவும் தாலாட்டுப் பருவமும் கிடைக்கவில்லை. அன்று முதல் ஒன்பது பருவம்தான் பாடி வருகிறோம். அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. தையல் இன்னும் விடவில்லை.

இந்த வருஷம் சங்கத்துப் பெண்கள் பிரிவு அந்தப் பாட்டை அச்சடிக்கலாம் என்றது. ஒரு பக்கம் தமிழ், எதிர்ப்பக்கம் அதையே இங்கிலீஷ் எழுத்தில், நம் பேரப்பிள்ளைகளும் பாடும்படி. லாமியில் ஓர் அச்சகம் ஒத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் பழைய புத்தகம் அச்சகத்தின் கைக்கு வர வேண்டும், தவறினால் பள்ளிக்கூட வேலைகள் வந்துவிடும், பிறகு அடுத்த வருஷம்தான் என்றார்கள். தாலாட்டு இல்லாத பிள்ளைத்தமிழை அச்சேற்ற எனக்கு மனம் வரவில்லை. தவுவாப் பக்கத்திலிருந்து கரும்பு வெட்ட வந்த ஒருவர், வட்டுகோலாவில் காசிம் பாய் என்பவரிடம் அதே புத்தகம் இருக்கிறது, அதில் தாலாட்டு உண்டு என்று சொல்லியிருந்தார். எழுதி அனுப்பச் சொன்னால் தபாலில் வருமே என்றான் என் பெரிய மகன். எழுத்து வரும், மெட்டு வருமா என்று கேட்டுவிட்டு நானே கிளம்பினேன். துணைக்கு என் மூத்த மருமகள் ராஜம்.

செவ்வாய்க்கிழமை

நம்புவாலு போகிற பஸ் லம்பாசாவிலிருந்து விடிவதற்கு முன்னே கிளம்புகிறது. புலிலேகாவிலிருந்து பஸ் நிலையம் ஏறக்குறைய ஐந்து மைல். மகன் லாரியில் கொண்டுவந்து விட்டான். பஸ்ஸுக்கு ஜன்னல் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் தார்ப்பாய்ச் சுருளை அவிழ்த்து விட வேண்டியதுதான். புத்தகத்தை மஞ்சள் துணியில் சுற்றி, பிஸ்கட் தகர டப்பாவில் போட்டு, மடியில் வைத்திருந்தேன். டிரைவர் இந்துஸ்தானியில் கேட்டார், மேலே கட்டிவிடட்டுமா என்று. புத்தகம் இருக்கிறது, மடியிலேயே இருக்கட்டும் என்றேன். எங்கள் வீட்டில் புத்தகம் கட்டில் காலுக்கு அண்டை கொடுத்திருக்கிறது நானி, உங்கள் வீட்டில் மடியில் உட்காருகிறதா என்று சிரித்தார். ஆனாலும் மேடு பள்ளம் வந்த இடத்திலெல்லாம் கண்ணாடியில் என் மடியைப் பார்த்துப் பார்த்து மெதுவாக ஓட்டினார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

நம்புவாலு எண்பத்தைந்து மைல். செம்மண்ணும் சரளையுமான சாலை. திரெக்கேத்தியில் நெல் வயல்களைப் பார்த்தேன். புவா பக்கம் போகப் போக மண் இன்னும் சிவந்து, பைன் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. நம்புவாலுத் துறையில் இறங்கியபோது நாங்கள் இருவரும் குங்குமத்தில் புரண்டவர்கள் மாதிரி இருந்தோம். ஒரு டாலருக்கு இரண்டு ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் வாங்கிச் சாப்பிட்டுக் கப்பல் ஏறினோம்.

நாலு மணி நேரக் கடல். ராஜம் கப்பல் நகர்வதற்கு முன்பே படுத்துவிட்டாள். பக்கத்தில் மேரே என்று ஒரு காய்வித்தி அம்மாள், இந்தத் தீவுகளின் பூர்வகுடி, கொரோவோவுக்கு மகள் வீட்டுக்குப் போகிறவர். எலுமிச்சை இலையைக் கசக்கி ராஜத்தின் மூக்கில் வைத்தார். தன் பாயையும் விரித்துக் கொடுத்தார். அலை பெரிதாக வந்தபோது, நான் கேட்காமலே என் டப்பாவை வாங்கித் தன் இரண்டு கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். ராஜத்தின் தமிழைவிட அந்த அம்மாளின் இந்துஸ்தானி சுத்தமாக இருந்தது, அதைச் சொன்னேன். ராஜம் படுத்தபடியே, "அத்தை, வாந்தி எடுக்கறவள திட்டாதீங்க" என்றாள்.

நதோவியில் இறங்கி, கொரோவோவில் பஸ் மாறி, ரக்கிரக்கியில் ராஜத்தின் அக்காள் வீட்டில் இரவு தங்கினோம். கோழி அடித்துச் சோறு போட்டார்கள். வயிறு நிறைந்தது, மனசும் நிறைந்தது.

புதன்கிழமை

தவுவாவிலிருந்து வட்டுகோலாவுக்கு ஐந்து மைல், முப்பது சென்ட். மலைக்குள் பஸ் ஏறும்போதே ஒரு மாதிரி கந்தக வாசனை வந்தது. பெரிய புகைபோக்கி, சக்கரம் வைத்த இரும்புக் கோபுரங்கள், ஒரே அச்சில் வார்த்த மாதிரி தொழிலாளர் வீடுகள். எங்கள் பக்கம் சங்கு ஊதினால் சர்க்கரை மில் என்று அர்த்தம்; இங்கே ஊதினால் பூமிக்கு அடியில் இருந்து ஆள் மேலே வருகிறான்.

காசிம் பாய் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். தவுவாக்காரர் மூலம் சேதி போயிருந்ததால் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்கக்கா. ஒரு பாட்டுக்காகக் கடல் தாண்டியா வந்தீங்க?" என்றார். அவர் வீட்டம்மா தேநீரும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் வைத்தார். முஸ்லிம் வீட்டில் அம்மன் புத்தகம் எப்படி என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்குத்தான், அந்தத் தொழிலாளர் லைன் முழுவதிலும் எழுத்து தெரியும். சாயங்காலம் எல்லாரும் கூடுவார்கள். அவரவர் கொண்டுவந்த புத்தகத்தை இவர் அத்தா படிப்பார். இந்தப் புத்தகத்துக்குச் சொந்தக்காரர் கப்பலேறி ஊர் திரும்பியபோது, படிக்கிறவர் கையில் இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனாராம். அலமாரியைத் திறந்து காட்டினார். "மேல் தட்டுல நாங்க ஓதற கிதாபு, கீழ்த் தட்டுல உங்க அம்மன். ரெண்டு பேருக்கும் இதுவரைக்கும் சண்டை வரல" என்றார்.

புத்தகத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் என்னைப் பாடச் சொன்னார். பாடத் தெரியாதவருக்குக் கொடுப்பதில்லை என்பது அவர் அத்தா வைத்த வழக்கமாம். சாயங்காலம் நாலு மணிக்கு அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் எட்டுப் பத்துப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் கன்னியம்மாள் என்று ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், வெற்றிலைப் பையோடு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அந்த லைனில் பிள்ளைத்தமிழ் பாடுகிறவள் அவள்தான் என்று காசிம் பாய் சொன்னார். அவள் உட்கார்ந்த தோரணையிலேயே எனக்கும் அது தெரிந்தது.

நான் முதல் பருவமான காப்பைப் பாடி முடித்து, எங்கள் வழக்கப்படி ஊசல் பருவத்தை எடுத்தேன். அம்மன் ஊஞ்சல் ஆடுகிற பாட்டு. இரண்டு அடி போகவில்லை.

"நிறுத்து தாயி" என்றாள் கன்னியம்மாள். "காப்பு முடிஞ்சதும் ஊசலா? உங்க லம்பாசாவுல தொப்புள்கொடி அறுக்கறதுக்கு முந்தியே பிள்ளை எகிறி ஊஞ்சல்ல குந்திக்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். புலிலேகாவில் என் பாட்டை இதுவரை யாரும் மறித்தது கிடையாது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எங்க பக்கம் பிள்ளை பொறந்து தீட்டுக் கழிஞ்சதும் தாய் கொல்லைக்குப் போயிடுவா. வரப்பு ஓரத்து மாமரத்துல கோணிய கட்டி, அதுல பிள்ளைய போடுவா. எங்க பிள்ளைங்க கண்ணு தெறந்து மொதல்ல பாக்கறதே ஊஞ்சல்தான். உங்களுக்கு மாசச் சம்பளம், வீட்டோட இருக்கறீங்க. அதனால உங்க அம்மன் கடைசியில ஆடறா."

எங்கள் மற்றப் பருவங்களின் வரிசையையும் அவள் கேட்டுக்கொண்டாள். "சரி. ஆத்துல நீராடிட்டு வந்தப்புறம் கை தட்டக் கத்துக்குதாமே, அது எப்படி?"

"எங்க ஊருல பிள்ளை ஆத்துக்குப் போக வேணாம். மழைக் காலத்துல ஆறே வீட்டுக்குள்ள வரும்."

காசிம் பாய் இருமல் வரும் அளவுக்குச் சிரித்தார். கன்னியம்மாளும் சிரித்துவிட்டாள். சிரித்தாலும் விடவில்லை. "பதில் நல்லாத்தான் இருக்குது. ஆனா பாட்டு அப்படி இல்ல" என்றாள்.

காசிம் பாய் இரண்டு புத்தகங்களையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தாளின் தலையில் இருந்த ஒரு குறியைத் தொட்டுக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் அப்படி ஒரு குறி உண்டு. அதை நாங்கள் இத்தனை வருஷமும் அச்சடித்தவன் அழகுக்குப் போட்ட பூவேலை என்று நினைத்திருந்தோம். அவை பழைய தமிழ் எண்கள். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது இப்போதைய எண்தான். காசிம் பாய்க்கு அவர் அத்தா பழையதையும் சொல்லிக்கொடுத்திருந்தார். அவர் என் புத்தகத்தை ஒவ்வொரு தாளாகப் புரட்டி எண்களைச் சொன்னார். ஏழாம் பக்கத்துக்கு அடுத்தது தொண்ணூற்றொன்று. அங்கிருந்து அறுபது. அதற்கப்புறம் முப்பத்தைந்து. தாலாட்டுக்கு அடுத்ததாக வர வேண்டிய கை தட்டும் பருவம் எங்களிடம் கடைசிக்கு முந்தியது. புயலுக்குப் பிறகு, பிள்ளை முதலில் ஆடுவது ஊஞ்சல்தானே என்று நாங்கள் நாலு பெண்கள் எங்கள் வயல் வழக்கத்தைக் கொண்டு சொன்னோம். என் வீட்டுக்காரர் அப்படியே தைத்தார். நாங்கள் பெயர் வைத்த பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த வரிசையில்தான் பாடியிருக்கிறோம்.

ராஜம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தப்பு வெளிப்பட்டதுகூடப் பெரிதில்லை. வெள்ளிக்கிழமை இந்தப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. சரியாக அச்சேற வேண்டுமானால், அவர் சேற்றில் நடந்து பொறுக்கித் தைத்த தையலைப் பிரிக்க வேண்டும். அவர் கையால் செய்தவற்றில் வீட்டில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். மாட்டுவண்டி போயிற்று, கட்டிய வீட்டை அடுத்த புயல் கொண்டுபோயிற்று.

காசிம் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் புத்தகத்தின் முன்பக்கங்களைப் படித்தார். எங்களிடம் இல்லாத தாள்கள் அவை. "அக்கா, இந்தப் புலவரும் இப்ப நீங்க உக்காந்த மாதிரிதான் உக்காந்திருக்காரு, கேளுங்க" என்றார்.

அந்தப் புலவர் ஏறக்குறைய முந்நூறு வருஷத்துக்கு முந்தியவர். தஞ்சாவூரில் மராத்தியர் வந்து உட்கார்ந்த புதிது. அவர் மாதிரிப் புலவர்களுக்கு அப்போது அச்சு இல்லை. பனை ஓலையில் எழுத்தாணியால் கீறித்தான் எழுதுவார்கள். எழுதி முடித்தால் மட்டும் புத்தகம் ஆகிவிடாதாம். முதலில் ஒரு பெரிய மனிதர் சோறு போட்டு ஆதரிக்க வேண்டும். பிறகு கோயில் மண்டபத்தில் மற்றப் புலவர்களைக் கூட்டி, ஒவ்வொரு பாட்டாகப் பாடிப் பொருள் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் சும்மா கேட்க மாட்டார்கள். இது ஏன் இங்கே வந்தது, இப்படிச் சொல்ல ஆதாரம் என்ன என்று மறிப்பார்கள். பதில் சொன்னால்தான் அடுத்த பாட்டுக்குப் போகலாம். அதற்குப் பெயர் அரங்கேற்றம். சபை ஒத்துக்கொண்டால் சால்வை போர்த்தி, ஓலைச்சுவடியைப் பல்லக்கில் வைத்து வீதி சுற்றுவார்களாம். அதற்கப்புறம் மாணவர்கள் உட்கார்ந்து, ஒருவர் படிக்க மற்றவர்கள் எழுதி, ஊர் ஊராகக் கொண்டுபோவார்கள். இந்தப் புலவரை அதிகம் மறித்தவர் அதே ஊர்க்காரர். அவர் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி முடிக்கவே புலவருக்குப் பல நாள் பிடித்ததாம். அந்த மறித்தவரே கடைசியில் புத்தகத்துக்குப் புகழ்ப்பாட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். சோறு போட்டவர் பெயர், மறித்தவர் பெயர், முதன்முதல் ஓலையில் படியெடுத்தவர் பெயர் எல்லாம் முன்னால் இருந்தன.

இன்னொன்றும் இருந்தது. ஓலைக்கட்டின் கயிறு அறுந்து, முன்னது பின்னதாகக் கோத்து, அப்படியே படியெடுத்துப் பாடி வந்த ஊர்களும் உண்டாம். அச்சிட்டவர் நாலு ஊர்ச் சுவடிகளை வாங்கி ஒப்பிட்டுத்தான் வரிசை கண்டாராம். அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. எங்களுக்கு முன்னாலும் இப்படிப்பட்ட ஊர்கள் இருந்திருக்கின்றன.

பிறகு காசிம் பாய் தன் புத்தகத்தின் நடுப்பக்கங்களைக் காட்டினார். பூச்சி அரித்துச் சல்லடையாகியிருந்தது. என் புத்தகத்தில் அந்த இடம் பழுதில்லாமல் இருந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு முழுப் புத்தகம். அவர் தன்னுடையதை ஒரு துண்டில் சுற்றி என் டப்பாவில் வைத்தார். ரசீது கேட்கவில்லை, சத்தியம் கேட்கவில்லை. எந்த வரிசையில் அடிப்பது என்று கேட்டேன்.

"சபை கேட்டாச்சு. அச்சுக்குக் கொண்டுபோறது நீங்க. நீங்க சொல்றதுதான்" என்றார்.

வியாழக்கிழமை

இரவு காசிம் பாய் வீட்டிலேயே தங்கியிருந்தோம். காலையில் கன்னியம்மாள் வந்து தாலாட்டின் மெட்டைச் சொல்லிக்கொடுத்தாள். முதல் நாள் அப்படி மறித்தவள், இன்று ஒவ்வொரு அடியையும் நான் பிடிக்கும் வரை முகம் சுளிக்காமல் பாடினாள். நெளிந்து நெளிந்து இறங்குகிற மெட்டு அது. நடுவில் ஓர் இடத்தில் என் குரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. "கரும்புக் கொல்லையில கத்திக் கத்தி உன் தொண்டை தடிச்சுப்போச்சு" என்றாள். சுரங்கப் புகையில் உன்னுடையது தேய்ந்துபோச்சு என்று நான் சொன்னேன். புறப்படும்போது என் மடியில் வெற்றிலையும் பாக்கும் வைத்து, தலையைத் தடவினாள். ஒரே வயதுக்காரி தடவியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

தவுவாவிலிருந்து லவுத்தோக்கா இரண்டு மணி நேரம், அங்கே சுவா எக்ஸ்பிரஸ். அந்தச் சாலை தார்ச்சாலை. எங்கள் நம்புவாலுச் சாலையை நினைத்தால் பாயில் படுத்த மாதிரி இருந்தது. நாந்தி தாண்டினோம், சிங்காத்தோக்காவில் ஆற்றோரம் காய்கறித் தோட்டங்களைப் பார்த்தோம். பார்த்தேன் என்று சொல்கிறேனே தவிர, வழியெல்லாம் என் கவனம் மெட்டில் இருந்தது. விட்டால் நழுவிவிடும் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். "அத்தை, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் ராஜம். பார்த்தால் பார்க்கட்டும் என்றேன். முன் இருக்கையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். என்ன பாட்டு நானி என்று கேட்டாள். பிள்ளையைத் தூங்க வைக்கிற பாட்டு என்றேன். அப்படியென்றால் கொஞ்சம் உரக்கப் பாடுங்கள், இது லவுத்தோக்காவிலிருந்து அழுகிறது என்றாள். பாடினேன். பிள்ளை தூங்கவில்லை, டிரைவர் தூங்காமல் இருந்தால் சரி என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

சாயங்காலம் லாமியில் மகன் வீட்டில் இறங்கினோம். கடலைப் பார்த்த வீடு. மழை பெய்துகொண்டிருந்தது, லாமியில் மழை பெய்யாத நாளைத்தான் சொல்ல வேண்டும் என்றான் மகன்.

வெள்ளிக்கிழமை

அச்சகம் கடைத்தெருவுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் இருந்தது. நடத்துகிறவர் நம் பிள்ளைதான், பெயர் தனபால். தமிழ் பாதி புரியும், பேச வராது. தமிழ் அச்செழுத்து என்னிடம் இல்லை, அதனால் தாளையே படம் பிடித்துத் தகட்டில் ஏற்றி அடிப்பேன் என்று இந்துஸ்தானியில் விளக்கினார். அதற்குத் தாள் தட்டையாகக் கிடக்க வேண்டும். தையலைப் பிரிக்காமல் முடியாது. பிரித்து, எந்த வரிசையில் வேண்டுமோ அந்த வரிசையில் அடுக்கிக் கொடுங்கள், நான் எண் போடுகிறேன், இங்கிலீஷ் எழுத்துப் பக்கங்களைச் சங்கத்துப் பெண்கள் பிறகு அனுப்பினால் போதும் என்றார்.

ராஜம் என்னைத் தனியே இழுத்தாள். "நாம பாடற மாதிரியே போட்டுடலாம் அத்தை. தாலாட்ட மட்டும் எங்கயாவது சேத்துக்கலாம். மாமா வெச்ச வரிசை. நம்ம ஊருல யாருக்குத் தெரியப்போவுது?"

அவள் சொன்னது எனக்காகச் சொன்னது. நானும் பஸ்ஸில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் அந்தப் புலவர் ஒரு சபைக்கு நடுவில் உட்கார்ந்து, ஊசல் ஏன் கடைசியில் வந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி ஜெயித்தவர். வாயால் ஜெயித்ததை அவர் இல்லாத இடத்தில், அவரால் பதில் சொல்ல முடியாத ஊரில், நான் மாற்றினால் அது நியாயமா? என் வீட்டுக்காரரும் வரிசைக்காகச் சேற்றில் இறங்கவில்லை. தாள் போய்விடக் கூடாதே என்றுதான் இறங்கினார்.

தனபாலிடம் கத்தரி வாங்கி நானே நூலை அறுத்தேன். மெழுகு தேய்த்த கோணி நூல், சுலபத்தில் அறுபடவில்லை. ராஜம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு புத்தகத்துத் தாள்களையும் மேசையில் பரப்பி, காசிம் பாய் எழுதிக்கொடுத்த எண்களைப் பார்த்துப் பார்த்து அடுக்கினோம். தாலாட்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஊசல் கடைசிக்குப் போயிற்று. மத்தியானம் வரை ஆனது. தனபால் தன் சாப்பாட்டைப் பிரித்து எங்களுக்கும் வைத்தார்.

அடுக்கி முடித்ததும் ஒரு தாள் கேட்டேன். புலவருடைய புத்தகத்துக்கு முன்னால் சோறு போட்டவர், மறித்தவர், படியெடுத்தவர் பெயரெல்லாம் இருக்கிறதே. இந்தப் புத்தகத்துக்கும் இருக்கட்டும் என்று என் கையாலேயே எழுதினேன். எழுத்து கோணல்தான். திருத்தி எழுதித் தரவா என்று கூட வந்திருந்த லாமி மகன் கேட்டான், வேண்டாம் என்றேன். அதையே படம் பிடித்து அடிக்கச் சொன்னேன். அதில் உள்ளது இவ்வளவுதான்:

"புயலில் பறந்த தாளைப் பொறுக்கித் தைத்தவர் புலிலேகா சின்னசாமி. இல்லாத தாளைக் கொடுத்தவர் வட்டுகோலா காசிம் பாய். காத்து வைத்தவர் அவர் அத்தா. சபையில் மறித்துத் திருத்தியவர் கன்னியம்மாள். கொண்டுவந்தவர்கள் அஞ்சலை, அவள் மருமகள் ராஜம்."

தன் பெயரை அச்சில் பார்க்கப் போகிறோம் என்று ராஜம் அப்போதுதான் சிரித்தாள்.

வீடு திரும்பியது

நதோவி வழியாகவே திரும்பினோம். கடல் அமைதியாக இருந்தது. ராஜம் உட்கார்ந்தே வந்தாள்.

ஆறு வாரத்தில் புத்தகம் வந்தது. காசிம் பாயின் பழைய புத்தகத்தைத் தனபால் புது அட்டை போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். என்னுடையதற்கும் அட்டை போட்டுக் கொடுத்தார். அந்த வாரமே பக்கத்து வீட்டில் ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். பெண்களுக்கெல்லாம் புத்தகம் கொடுத்தேன். காப்பு முடிந்ததும் பழக்கத்தில் பாதிப்பேர் ஊசலுக்குப் போனார்கள், பாதிப்பேர் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கை காட்டி நிறுத்தி, நடந்ததை எல்லாம் சொன்னேன். அப்படியென்றால் இத்தனை வருஷம் நாம் பாடியது வீண்தானா என்று ஒருத்தி கேட்டாள். நீ வளர்த்த பிள்ளைகள் எல்லாம் ஊஞ்சலிலிருந்து இறங்கி நன்றாகத்தானே நடக்கின்றன என்றேன். பிறகு தாலாட்டைப் பாடினேன். கன்னியம்மாள் சொல்லிக்கொடுத்த அந்த ஒரு வளைவில் என் குரல் மறுபடியும் வழுக்கியது. யாருக்கும் தெரியவில்லை. அடுத்த முறை சரியாக வரும்.

வட்டுகோலாவில் கந்தக வாசனை உண்டு, எங்கள் காற்று அங்கே இல்லை. ஆனால் ஒரு பாட்டைப் பாடினால் ஏன் என்று கேட்க அங்கே ஒருத்தி இருக்கிறாள். அந்தக் குறை எங்களுக்கு இத்தனை நாள் இருந்தது, தெரியாமலே இருந்தது. பஸ் டிரைவருக்கும், மேரே அம்மாளுக்கும், காசிம் பாய் வீட்டாருக்கும், தனபாலுக்கும் என் நன்றி. கன்னியம்மாளுக்கு நேரில் சொல்ல அடுத்த கரும்பு வெட்டு முடிந்ததும் போகலாம் என்று இருக்கிறேன்.

எழுதி முடித்துவிட்டேன். பேத்தி மீனா, அடுப்பை அணைத்துவிட்டு இங்கே வா. உன் அம்மாவையும், பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிடு. எல்லாரும் உட்கார்ந்ததும் இதை முதலிலிருந்து படித்துக் காட்டு. மெதுவாகப் படி. யாராவது ஏன் என்று மறித்தால் அங்கேயே நிறுத்து. பதிலை நான் சொல்கிறேன்.